மருதனார்மடத்தில் மூன்று புறாக்கள்

டிசம்பர் 23, அதிகாலை. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் நான், என் கணவர் ஜெயம், பத்து வயது மகள் மெலனி, மூன்று பைகள், ஒரு கேக் பெட்டி. அந்தப் பெட்டியை யாழ்ப்பாணம் வரை மடியிலேயே வைத்திருப்பேன் என்று மெலனி சத்தியம் செய்திருந்தாள். சத்தியம் வவுனியாவோடு முடிந்தது. மிச்சத் தூரம் பெட்டி என் மடியில் வந்தது.

வெள்ளவத்தையில் ஒரு குறையுமில்லாமல் நத்தார் கொண்டாடிக்கொண்டிருந்த எங்களை இந்த வருடம் வரவழைத்தது மச்சாளின் தொலைபேசி அழைப்பு. மச்சாள் என்றால் என் பெரியண்ணையின் மனைவி. "நீ வந்தாவது உந்த ரண்டு பேரையும் ஒரு மேசையில இருத்து" என்றாள். ரண்டு பேர் என்பது என் இரண்டு அண்ணன்மார். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒழுங்கையில், நடந்தால் ஐந்து நிமிடத் தூரத்தில் இருக்கிறார்கள். போன நத்தாருக்கு முந்திய நத்தாரில், பாடற்குழுப் பயிற்சியில், "உன்ரை சுருதி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகுது" என்று பெரியண்ணை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சின்னண்ணை அவரோடு கதைப்பதில்லை. கரோல் குழுவை நடத்துவது சின்னண்ணைதான். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் போய்ப் பாடுவார், அண்ணன் வீட்டை மட்டும் தாண்டிப் போவார். ஒக்டோபரில் பெரியண்ணை நெஞ்சுநோவென்று ஒரு கிழமை ஆசுப்பத்திரியில் கிடந்தபோதும் தம்பியின் முகத்தைக் காணவில்லை. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பிடிவாதத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

பின்னேரம் சுன்னாகத்தில் இறங்கினோம். முச்சக்கரவண்டிக்கு ஐந்நூறு ரூபாய். தங்குவது பெரியண்ணை வீட்டில். அங்கே முகம் கழுவியதும் முதல் வேலையாகச் சின்னண்ணை வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார், மெலனியைத் தூக்கிச் சுற்றினார், கொழும்பு மழையைப் பற்றி விசாரித்தார். நாளைக்கு வான் பிடித்துக் கீரிமலை போகிறோம், வாருங்கள் என்றேன்.

"வானுக்குள்ளை ஆர் ஆர் வருகினம்?"

"எல்லாரும்தான்."

"அப்ப நான் வரேல்லை. நீ கூப்பிட்டதுக்குச் சந்தோசம்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம்.

டிசம்பர் 24, காலை எட்டரை. நத்தாருக்கு முதல் நாள் குடும்பமாகக் கீரிமலைக்குப் போய்த் தோய்ந்துவிட்டு வருவது எங்கள் அப்பா தொடக்கிவைத்த வழக்கம். மெதடிஸ்த சபை மூப்பர் ஒருவர் பிள்ளைகுட்டிகளோடு சிவன்கோயில் தீர்த்தத்தில் முழுகுவதை அங்கே யாரும் வினோதமாகப் பார்த்ததில்லை. வான் வாடகை நாள் முழுவதற்கும் ஒன்பதாயிரம். சாரதி சிவா, புத்தூர்க்காரர், வாய் ஓயாதவர். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்துக்குள் தன் மூன்று பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளையும் சொல்லிமுடித்தார்.

மழை முகிலின் கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெண்கள் கேணியில் தண்ணீர் குளிர்ந்தது. மெலனி முதல் முழுக்கில் அலறி, மூன்றாவது முழுக்கில் வெளியே வரமாட்டேன் என்றாள். ஆண்கள் கேணியில் நடந்ததை ஜெயம் சொல்லித்தான் அறிந்தேன். டொக்டர் முழுகக் கூடாது என்றதால் பெரியண்ணை படியில் இருந்து காலை மட்டும் நனைத்தாராம். மேலேயிருந்து குதிக்கும் பொடியன்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவன் வந்திருந்தா இப்ப நாலுதரம் குதிச்சிருப்பான்" என்றாராம். யார் என்று ஜெயம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக அவரைப் பாராட்டினேன். அன்றைக்கு அவரைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பதினொன்றரைக்குப் புத்தூர். சிவாவின் மாமா வளவில் குருத்தோலை வெட்டித் தந்தார்கள். எங்கள் வீட்டுச் சோடனையில் கடையில் வாங்கியது எதுவும் இருக்காது. வாளியில் மண் நிரப்பி நட்ட சவுக்குக் கிளைதான் நத்தார் மரம். பால்மாப் பைக்கற்றின் உட்புறத்தைத் திருப்பி வெட்டினால் வெள்ளி நட்சத்திரங்கள். முட்டைக்கோதுக்குச் சாயம் பூசினால் மணிகள். தெருவாசல் கதவான படலைக்குக் குருத்தோலைத் தோரணம்.

தோரணத்தை இந்த முறை தானே செய்வதாக ஜெயம் அறிவித்தார். அவர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் வேறு. தொலைபேசியில் காணொளி பார்த்து ஓலையில் குருவி மடிக்கப் பழகியிருந்தார். வானின் பின் இருக்கையில் அவரும் மெலனியும் மடித்துத் தள்ளினார்கள்.

"என்னையா பின்னுறியள்?" கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் சிவா.

"புறா. பரிசுத்த ஆவி புறா வடிவத்திலே இறங்குறது."

"நல்லதையா" என்று சொல்லிவிட்டுச் சிவா மழைக்கு வைப்பரைப் போட்டார்.

மருதனார்மடம் சந்தியில் மச்சாளும் நானும் சந்தைக்கு இறங்கிக்கொண்டோம். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மரக்கறி, இறைச்சி, தேசிக்காய் என்று அலைந்து முடிய நாலரை ஆகிவிட்டது. முச்சக்கரவண்டி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது படலையடியில் ஆட்கள் நிற்பதைக் கண்டேன். சின்னண்ணையின் மோட்டார்சைக்கிள் சேற்றில் விழுந்து கிடந்தது, சில்லு இன்னும் சுற்றியது. படலைக்கு மேலே தோரணம். ஒவ்வொரு தொங்கலிலும் மூன்று குருவிகள், தலை கீழே.

எங்கள் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கலியாணம், திருவிழா என்றால் தோரணத்தில் நான்கு குருவிகள், தலை மேலே பார்க்கும். மூன்று குருவி தலைகீழாகத் தொங்கினால் அது செத்தவீடு. வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற வேறுபாடில்லாமல் ஒழுங்கையில் எவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். எனக்குப் பெரியண்ணையின் நெஞ்சுநோவும் தெரியும். மச்சாளின் கையிலிருந்த பை விழுந்து தேசிக்காய் ஒழுங்கை முழுவதும் உருண்டது. நான் ஓடினேன். அந்தச் சில அடிகளில் எனக்கு அண்ணன் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை.

படலையில் நின்ற எதிர்வீட்டுக் கமலாக்கா என் கையைப் பிடித்தா.

"பிள்ளை, ஆருக்கும் ஒண்டுமில்லை. உள்ளுக்குப் போய்ப் பார்."

உள்ளே, கூடத்தில், பெரியண்ணை ஒரு ஸ்டூலின் மேல் நின்றார். கையில் பால்மா நட்சத்திரம். அவருடைய இரண்டு முழங்காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னண்ணை அழுதார். சேற்றுக் கால், ஒரு செருப்பு இல்லை. ஜெயம் மிச்ச ஓலையோடு சுவரோரம் நின்றார். உலகத்தில் என்ன நடந்தது என்று தெரியாத முகம்.

"டேய், நான் சாகேல்லை. காலை விடு, ஸ்டூல் ஆடுது" என்றார் பெரியண்ணை.

சின்னண்ணை விடவில்லை.

"ஆசுப்பத்திரிக்கு வராதவன் செத்தவீட்டுக்கு வந்து நிக்கிறான்." சொல்லும்போதே பெரியண்ணையின் குரல் உடைந்தது.

"வந்தனான் அண்ணை. மூண்டு நாள் வாட்டு வாசல் மட்டும் வந்தனான். உள்ளுக்கு வரக் கால் வரேல்லை."

பெரியண்ணை நட்சத்திரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். மச்சாள் ஓடிவந்து அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஜெயத்தின் நினைவு வந்தது.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று. பரலோகத்திலிருந்து இறங்கும் புறா என்பதால் தலை கீழே. அவர் விளக்கத்தில் வேதாகமப்படி ஒரு பிழையும் இல்லை.

"மூன்று கூடாதா அக்கா?" என்று கமலாக்காவிடம் பரிதாபமாகக் கேட்டார்.

"கூடாதெண்டில்லைத் தம்பி. உங்கடை சாமிக்கு அது சரி. எங்கடை ஒழுங்கைக்குச் சரிவராது" என்று சொல்லியபடியே கமலாக்கா அதைக் கழற்றி, நிலத்தில் இருந்து, நான்கு குருவியாகப் புதிதாய் மடிக்கத் தொடங்கினா. சின்னண்ணை ஓலை கிழித்துக் கொடுத்தார். மச்சான் ஜெயத்தைப் பார்க்கும் போதெல்லாம் அவருக்குக் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. தேசிக்காய்களைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் பொறுக்கிக் கொண்டுவந்து தந்தார்கள்.

அன்று ஏழு மணிக்குக் கரோல் குழு முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். சுருதியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பெரியண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் பாட்டில் ஒருதரம் அவர் புருவம் எழும்பியது. மச்சாள் பார்த்த பார்வையில் அது தானாக இறங்கிவிட்டது. அடுத்த நாள் மத்தியானம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். நான் செய்ய வந்த வேலையை என் கணவர் அறியாமையால் செய்துமுடித்துவிட்டார். அவர் அதை இன்னும் என்னிடம் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

டிசம்பர் 27. இரண்டு அண்ணன்மாரும் சுன்னாகம் நிலையத்துக்கு வந்தார்கள். எங்கள் ரயில்பெட்டி மேடையின் எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று ரயில் வரும்வரை தர்க்கப்பட்டார்கள். இருவர் சொன்னதும் பிழை.

இரவு வெள்ளவத்தைக்கு வந்து, நான்காம் மாடியில் எங்கள் கதவைத் திறந்தேன். கதவில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வளையம் தொங்கியது. எதிர்க்கதவுக்காரர் லிஃப்டுக்கு நின்றார். நான்கு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம், அவர் பெயர் எனக்குத் தெரியாது. இந்தக் கதவில் மூன்று குருவிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும், வடிவாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்டில் ஏறிப் போய்விடுவார்.