சைக்கிளுக்குக் காவல் நின்றவள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் நைனா கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வெயில் தாழும்வரை தூங்குகிறவர். வாரம் முழுக்க அரிசி மில்லில் மூட்டைகளோடும் ஆட்களோடும் கத்திவிட்டு, அன்றைக்கு ஒருநாள் பேச்சுக்கூட வராத மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு விடிந்ததும் முகச்சவரம் செய்துகொண்டு வந்து, "எல்லாரும் நல்லதா ஒண்ணு கட்டிக்கினு கெளம்புங்க. சைக்கிள்ல அப்படியே காத்தாட போயிட்டு வரலாம். ஒடம்புக்கு நல்லது" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் போய் காலேஜில் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது. கேட்கும்போதெல்லாம் நைனா "பாக்கலாம்" என்பார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். என்னோடு படித்தவர்களில் இரண்டு பேருக்கு அதற்குள் கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க எடுத்ததும் வீட்டுக்கு வந்துவிட மாட்டார்கள். வந்து பார்த்து வேண்டாம் என்று போய்விட்டால் பெண்ணுக்குத்தானே பேர் கெடும். அதனால் கோயிலிலோ ஏரிக்கரையிலோ தற்செயலாகச் சந்தித்த மாதிரி ஒரு ஏற்பாடு செய்வார்கள். ஊருக்குத் தெரியாது, பல சமயம் பெண்ணுக்கே தெரியாது. பிடித்திருந்தால்தான் தட்டோடு வாசலுக்கு வருவார்கள். இந்த வித்தையெல்லாம் தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, நல்லதாகக் கட்டிக்கொண்டு காற்று வாங்க வா என்றால் நான் எப்படி நம்புவது?

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நைனா, அம்மா, நான், நைனாவின் தங்கை. அத்தைக்கு அப்போது முப்பது வயது இருக்கும். பத்தொன்பதில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அன்றைக்கும் அவள் வழக்கமான வெளுத்த புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். அம்மா பீரோவிலிருந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்து நீட்டினாள். "எனக்கு எதுக்கு அண்ணி?" என்று அத்தை அதை மடித்துத் திரும்ப வைத்துவிட்டாள்.

நைனாவிடம் பெரிய சைக்கிள் இருந்தது. எனக்கு லேடீஸ் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். சைக்கிள் கடை பாய் டயரை அமுக்கிப் பார்த்தபடி, "இன்னா விசேஷம், குடும்பத்தோட?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய், சும்மாதான்" என்று நைனா சொன்ன அவசரத்தைப் பார்த்து பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

நைனாவுக்குப் பின்னால் அம்மா, எனக்குப் பின்னால் அத்தை. அன்றைக்கும் அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் கடைசி வீடு மறைகிறவரைக்கும்தான் இந்த ஏற்பாடு. மறைந்ததும் அத்தை என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "எறங்குடி" என்பாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலை வாங்கிக்கொள்வாள். சின்ன வயதில் நைனாவோடு போட்டி போட்டுக் குரங்கு பெடல் அடித்துக் கற்றவள் அவள். கடைத்தெருவில் சைக்கிளைத் தொடக்கூட மாட்டாள். ஊர் தாண்டிவிட்டால் வேறு ஆள்.

அவளுக்குத் தார் ரோடு ஆகாது. வண்டித் தடம், வரப்பு, பாறை இடுக்கில் ஆடு மேய்க்கிறவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை, இவையெல்லாம்தான் வேண்டும். எங்கள் ஊர் மலைகள் யாரோ கூடை கூடையாகப் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஹேண்டில் நுழையுமா நுழையாதா என்று நான் கேரியரில் கண்ணை மூடிக்கொள்வேன். சரளையில் சக்கரம் வழுக்கும், வேலிகாத்தான் முள் தாவணியை இழுக்கும், இறக்கத்தில் அவள் பிரேக்கையே தொடமாட்டாள்.

"அத்தே, மெதுவா!"

"வுழுந்தா மண்ணுதானடி, தட்டிக்கலாம்!"

அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து வீட்டுக்குள் நான் கேட்டதே இல்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வந்த சந்தேகமே கொஞ்ச நேரம் மறந்துபோனது. நைனா ரொம்பப் பின்னால், மேட்டில் அம்மாவை இறக்கிவிட்டு மூச்சு வாங்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்.

தளவானூர் பக்கம் ஒரு பம்புசெட் கிணற்றருகே வந்ததும் நைனா நிறுத்தச் சொன்னார். வழியில் அதைவிட நிழலான இடங்கள் எத்தனையோ இருந்தன. உடனே ஒரு வயதான அம்மாள் சொம்பில் மோரோடு வந்தாள். கூப்பிட்டுவைத்த மாதிரி வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிறகு எட்டி எட்டி எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"இவ்ளோ பேருதான் வந்தீங்களா?" என்றாள்.

நைனா திரும்பிப் பார்த்தார். அத்தை இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பம்புசெட் அறைக்குப் பின்னால் போயிருந்தாள். "நீயும் வாயேன், மோர் குடிச்சிட்டுப் போவே" என்று அம்மா குரல் கொடுத்தாள். "இருக்கட்டும் அண்ணி, நான் சைக்கிளப் பாத்துக்கறேன்" என்று சுவருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அந்தப் பொட்டல் காட்டில் சைக்கிளை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?

வாய்க்காலில் ஒரு ஆள் மண்வெட்டியோடு நின்றிருந்தார். முன்நெற்றியில் முடி ஏறத் தொடங்கிய ஆள். மடை திருப்புகிற மாதிரி, ஏற்கெனவே திரும்பியிருந்த மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

அடுத்த ஞாயிறும் கிளம்பச் சொன்னார். கிழக்கே மேல்சித்தாமூர் இருக்கிறது, மேற்கே காடே இருக்கிறது. நைனாவின் சைக்கிள் மட்டும் தளவானூர் பக்கமே திரும்பியது. ஏரிக்கரையில் அதே அம்மாள். "அட, நீங்களா!" என்று கையைத் தட்டினாள். அவளுக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை. அவளுக்குப் பின்னால் அதே ஆள், ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு. அத்தை இந்த முறை கரைக்கு மறுபக்கம் பனைமரங்களுக்குள் போய் நின்றுவிட்டாள்.

திரும்பும்போது அத்தையிடம் கொட்டிவிட்டேன். "அத்தே, என்னை அந்த ஆளுக்குக் காட்டறாங்க."

பெடலை மிதித்தபடியே அவள் சொன்னாள்: "எனக்கும் அப்படித்தான் தோணுது. அண்ணி மொகமே சரியில்ல."

"நீ ஏன் ஒளிஞ்சிக்கிறே? கூட நின்னா எனக்குத் தைரியமா இருக்கும்ல?"

"பொண்ணு பாக்கற எடத்துல நான் போயி நிக்கலாமாடி? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, தாலியறுத்தவ மூஞ்சில முழிச்சதாலன்னு என் தலையிலதான் வுழும்." கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: "புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. என்னை யாரும் கேக்கல, நானும் வாயத் தொறக்கல."

மூன்றாவது ஞாயிறு, அதே தளவானூரின் குகைக் கோயில் பாறையடியில். அந்த ஆள் சலவைச் சட்டை போட்டிருந்தார். அம்மாள் தேங்காய்ச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நைனா, "நீங்களும் வந்திருக்கீங்களா!" என்று வியந்தார். அம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகத்தோடு இலையைத் துடைத்தாள். அத்தையையும் சைக்கிள்களையும் காணோம்.

நான் எழுந்து நின்றேன். "எனக்குக் கல்யாணம் வேணாம். நான் காலேஜுக்குப் போவப் போறேன். உங்க புள்ளைக்கு வேற எடம் பாத்துக்குங்க."

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாள் என்னையே பார்த்தாள்.

"உன்னை யாரு கண்ணு கேட்டது? எம் புள்ளைக்கு முப்பத்தாறு வயசாவுது, பொண்டாட்டி செத்தவன். உன்னை வந்து கேக்க எனக்கின்னா பைத்தியமா?" என்றவள் நைனா பக்கம் திரும்பினாள். "ஏம்பா, மூணு வாரமா வரோம். உன் தங்கச்சிய ஒரு தடவையாவது கண்ணுல காட்டினியா? கொறை கிறை இருந்து மறைக்கிறியோன்னு எனக்கே சந்தேகமா இருக்குது."

நைனாவுக்கு வந்த கோபம் எங்கள் ஊர் மலைக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். பாறைகளைப் பார்த்துக் கத்தினார். "நெஞ்சடைக்க அடைக்க மிதிச்சிக்கினு வரேன், நீ எங்கம்மா போயி போயி ஒளிஞ்சிக்கிறே?"

ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து அத்தை வந்தாள். கையெல்லாம் செயின் கறுப்பு, புடவையில் முள். அவள் அழவில்லை. நைனாவை மட்டும் பார்த்தாள்.

"என்னையாண்ணா காட்டினே?"

"கேட்டா ஒத்துக்க மாட்டே. நம்ம சின்னம்மா மறுகல்யாணப் பேச்செடுத்ததுக்கே ரெண்டு நாளு சோறு திங்கல நீ. முதல்ல அவங்க பாக்கட்டும், நீயும் பாரு, அப்புறம் பேசிக்கலாம்னு…"

"பத்தொம்போது வயசுலயும் என்னைக் கேக்கல. இப்பவும் கேக்கல." லேடீஸ் சைக்கிளில் ஏறி, பாறைச் சரிவில் அப்படியே இறங்கிப் போய்விட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சைக்கிள். நைனா அதைத் தள்ளிக்கொண்டே வந்தார், நாங்கள் கூடவே நடந்தோம்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிடும்போது நைனா என்னிடம் எரிந்து விழுந்தார். "உன்னைக் காலேஜுலதான் சேக்கப் போறேன், போதுமா? ஊரையே கூட்டிட்டே." காலேஜில் போய் உட்காருகிறவரை நான் அதையும் நம்பவில்லை.

ஞாயிறு வந்தது. நைனா கறிக்குழம்பு தின்றுவிட்டுத் தூங்கினார். அத்தை என்னை எழுப்பி, "கெளம்பு" என்றாள்.

"எங்க?"

"மாப்பிள்ள பாக்க."

பாய் கடையிலேயே ஹேண்டிலை வாங்கிக்கொண்டாள். கடைத்தெரு முழுக்க அவளே ஓட்டினாள். தராசு பிடித்தவன் தராசை விட்டுவிட்டுப் பார்த்தான். கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தளவானூரில் விசாரித்துக்கொண்டு போனபோது, அவர்கள் வீட்டு வாசலில் அந்த ஆள் மாடு கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த வைக்கோல் நழுவியது. அத்தை உள்ளே போய், சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவளைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், துணிக்கொடியைப் பார்த்தாள். சுவரில் இறந்த மனைவியின் படத்தைப் பார்த்தாள்.

"எப்படிப் போனாங்க?"

"பிரசவத்துல" என்றார் அவர். "கொழந்தையும் தங்கல."

அத்தை சாய்ந்திருந்த படத்தை நேராக்கினாள். பிறகு கேட்டாள். "ஒரு நல்லது கெட்டதுன்னா இந்த வீட்ல நான் எங்க நிக்கணும்?"

"முன்னாடிதான்" என்றார் அவர், உடனே.

"இப்ப சொல்லுவீங்க."

அவர் தவித்துப்போனார். அவர் சொன்னது நிஜமாக இருக்கலாம். ஆனால் அவ்வளவு வேகமாக வந்த பதிலை என்னாலும் நம்ப முடியவில்லை. அப்போது அந்த அம்மாள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் நெற்றியிலும் திருநீறு மட்டும்தான்.

"அவனை எதுக்கும்மா கேக்கறே? அவனுக்கு இன்னா தெரியும்? என்னைக் கேளு. எங்க வீட்டுக்காரரு போயி ரொம்ப வருஷம் ஆவுது. எம் பொண்ணு கல்யாணம் இதே வாசல்லதான் நடந்துச்சி. நான் நெல்லுக் குதிருக்குப் பின்னாடி நின்னுதான் பாத்தேன். யாரும் என்னைப் போவச் சொல்லல, நானாத்தான் போயி நின்னேன். மேளம் மட்டுந்தான் கேட்டுச்சி."

அத்தை அவளை வெகுநேரம் பார்த்தாள். பொய்யா என்று பார்க்கிற பார்வை. பிறகு, "குதிரு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

அம்மாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஆள் உயரக் குதிர், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒருவர் மட்டும் நிற்கிற இடம். அத்தை அதற்குள் நுழைந்து நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"வாசல் தெரியவே இல்லியே" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

"தெரியாது" என்றாள் அம்மாள்.

அத்தை வெளியே வந்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்றிருந்த அவரிடம் சொன்னாள்.

"எங்க அண்ணங்கிட்ட வந்து பேசுங்க. வரும்போது உங்கம்மாவ முன்னாடி வுட்டு, நீங்க பின்னாடி வாங்க."