அண்ணனுக்கு வந்த குருவிகள்

அந்தக் குருவிகள் எனக்காக வந்தவை அல்ல. அண்ணன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, கண்டியில் ஒரு பெரிய பாடசாலையில் விடுதியோடு இடமும் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், குண்டசாலையில் இருந்த மாமா அவனுக்குப் பரிசாகக் கொண்டுவந்தவை. மாமா அம்மாவின் தம்பி. சப்பாத்துப் பெட்டி ஒன்றில் பென்சிலால் துளைகள் குத்தி, அதை மடியில் வைத்துக்கொண்டு, காலடியில் ஒரு கம்பிக் கூண்டையும் இடுக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி நாவலப்பிட்டி வந்து சேர்ந்தார்.

பெட்டிக்குள் இரண்டு பிஞ்சஸ் இருந்தன. ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அந்தக் குருவியை எங்கள் பக்கம் பிஞ்சஸ் என்றுதான் சொல்வார்கள். ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, பவள நிற அலகு. பெண் சாம்பல் நிறம். இரண்டும் சேர்ந்து கத்தினால் பெருநாள் கடையில் வாங்கிய ஊதுகுழலை யாரோ விடாமல் ஊதுவதுபோல இருக்கும்.

அண்ணன் கூண்டுக்குள் கையை விட்டான். பெண் குருவி படபடத்துக் கம்பியில் மோதியது. அவன் கையை எடுத்துக்கொண்டான். அதோடு சரி. அவனுக்கு அப்போது வேறு வேலைகள் இருந்தன. புதுச் சப்பாத்து, பெயர் எழுதிய படுக்கை விரிப்பு, தகரப் பெட்டி என்று வீடு முழுக்க அவனுடைய சாமான்கள் பரந்து கிடந்தன. தை மாதம் புறப்படும்போது தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, “நீயே பாத்துக்க” என்று என்னிடம் சொன்னான். நான் அதை ஒரு பதவியேற்பாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் கெட்டிக்காரர் என்ற இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நான் அண்ணனின் தங்கச்சி. ஆசிரியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். கணக்குப் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, “உன் அண்ணன் இப்படியா?” என்பார்கள். அண்ணனுக்கு வராத ஒன்று எனக்கு வரும் என்று காட்டுவதற்கு, அந்தக் கூண்டைவிட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது.

அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் கூண்டைத் தொங்கவிட்டோம். காலையில் எழுந்ததும் தினையின் உமியை ஊதித் தள்ளிவிட்டுப் புதுத் தினை போடுவேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். முட்டை ஓட்டை அவித்து, காயவைத்து, நொறுக்கி வைப்பேன். மருந்துக்கடையில் வேலை செய்த அப்பா பழைய பத்திரிகைகளைச் சேர்த்துக் கொண்டுவருவார். அவற்றைக் கூண்டின் அடியில் விரிப்பது ஒருநாள் தவறினாலும் எனக்குப் பொறுக்காது.

கூண்டின் மூலையில் மாமா ஒரு சின்ன மண்முட்டியைச் சரித்துக் கட்டியிருந்தார். கூடு கட்டுவதற்குத் தேங்காய்த் தும்பு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆண் குருவி ஒரு நாரைக் கவ்விக்கொண்டு முட்டிக்குள் ஓடுவதையும், அடுத்த நாருக்கு வந்து என்னைப் பார்ப்பதையும் கண்டபின், இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கால்மிதியைப் பிய்த்துக் கொடுத்தேன். அது முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கால்மிதியையும் கேட்டு வாங்கினேன். என் குருவிகள் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி தும்பு கேட்கின்றன என்று வகுப்பில் பெருமை பேசினேன். அவ்வளவு உழைப்பாளிக் குருவிகள் ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

முட்டை இட்டன. சுண்டுவிரல் நுனியளவு, வெள்ளை வெளேரென்று. முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் இன்னொன்று. பிறகு ஒருநாள் எட்டிப் பார்த்தபோது எதுவும் இல்லை. அதற்கும் சில நாள் கழித்து மறுபடி ஒன்று மட்டும் தெரிந்தது. குருவிகள் இரண்டும் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் பார்த்து விரலை விட்டுத் துழாவினேன். மேலே ஒரு முட்டை. அதற்குக் கீழே தும்பு. தும்புக்குக் கீழே மூன்று முட்டைகள், கூழாங்கல்போல ஜில்லென்று கிடந்தன. நான் கொடுக்கக் கொடுக்க அவை கட்டிக்கொண்டே போயிருக்கின்றன. சொந்த முட்டைகளை மூடி, அதன்மேல் புதுக்கூடு.

யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவதுபோல நின்று அழுதேன். முட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி தும்பு வைத்தேன். மறுபடி முட்டைகள் வந்தன. தவறு எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே மறுபடியும் தும்பு கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா தினையும் தண்ணீரும் மட்டும் வைத்தார். ஐந்தாம் நாள் போர்வையோடு போய்ப் பார்த்தேன். பெண் குருவி முட்டிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது எழுந்து வந்ததும் ஆண் போய் உட்கார்ந்தது. முட்டிக்குள் நான்கு முட்டைகளும் மேலேயே இருந்தன. தும்பு இல்லாத நான்கு நாளில், அவற்றுக்கு உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிருக்கிறது.

யாரும் சொல்லித் தராமல் நானாக ஒன்றைக் கண்டுபிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தட்டுத்தடுமாறி அம்மாவிடம் விளக்கினேன். தும்பைக் கண்டால் அதுகளுக்கு வேறு நினைப்பு வராது, கட்டிக்கொண்டே இருக்கும், இனிமேல் வீட்டில் யாரும் ஒரு நார்கூடப் போடக்கூடாது என்றேன். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்று சாப்பிடும்போது அப்பாவிடம், “இவ ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கா, கேளுங்க” என்றார். அப்பா சோற்றில் கையை வைத்தபடியே கடைசிவரை கேட்டார். கறி ஆறிப்போனது. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கலண்டரில் நாட்களை வெட்டிக்கொண்டே வந்தேன். பதின்மூன்றாம் நாள் முதல் குஞ்சு பொரித்தது. மறுநாள் இரண்டு. நாலாவது முட்டை பொரிக்கவில்லை. குஞ்சுகள் பார்க்க அழகில்லை. ரோமம் இல்லாத இளஞ்சிவப்புச் சதை, மூடிய கண், பெரிய வாய். எனக்கு அவற்றைவிட அழகானது எதுவும் இருக்கவில்லை. வகுப்புப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூச்சு விடாமல் நிற்கவேண்டும் என்று விதி வைத்தேன். நின்றார்கள்.

அந்த வார இறுதியில்தான் அண்ணன் விடுதியிலிருந்து வந்தான். மாதம் ஒரு தடவை, வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், திரும்ப வேண்டும். மெலிந்திருந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவன் பையை இறக்கி வைக்குமுன்பே நான் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கூண்டின் முன் நிறுத்தினேன். தும்பு விஷயத்தை முழுதாக ஒப்பித்தேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். புலமைப்பரிசில் வாங்கியவன் என்னிடம் பாடம் கேட்கிறான் என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று குஞ்சுகளில் ஒன்று முட்டி வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால், காலில் நீல நூல். தும்பு கிடைக்காத ஆண் குருவி, மிஷின் மேல் கிடந்த சட்டைத் துணியிலிருந்து நூலைக் கம்பி வழியாக இழுத்து உள்ளே கொண்டுபோயிருக்கிறது. நூல் குஞ்சின் காலில் சுற்றி, கால் கறுப்பாக வீங்கியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, என்னால முடியாது, அப்பா வரட்டும் என்றார். அப்பா வர இரவு ஏழு மணியாகும்.

நான் அம்மாவின் நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தேன். அண்ணனிடம், “நீ புடிச்சுக்க. அமத்தாத” என்றேன். அவன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குஞ்சை ஏந்திக்கொண்டான். நூல் எது, கால் எது என்று தெரியவில்லை. கத்தரியின் நுனியை நூலுக்கடியில் விட்டு ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். ஐந்து சுற்று. கடைசிச் சுற்று தோலுக்குள் பதிந்திருந்தது. அதையும் மெல்ல வெட்டினேன். நூல் விழுந்ததும் குஞ்சு காலை இழுத்துக்கொண்டது.

“எவ்வளவு சூடா இருக்கு” என்றான் அண்ணன், மெதுவாக.

“போதும், வை. தாய் தேடும்” என்றேன். அவன் உடனே வைக்கவில்லை. நான் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

மாலைக்குள் தாய்க்குருவி மூன்றுக்கும் சமமாக ஊட்டியது. அப்பா வந்து, கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு குஞ்சின் காலைப் பார்த்தார். “நர்சம்மா வேலை” என்றார். அம்மா அன்று எனக்கென்று தனியாக முட்டை பொரித்தார்.

மறுநாள் ஞாயிறு. கோச்சிக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டையோடு கூண்டின் முன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான்.

“நேரமாச்சு தம்பி, சப்பாத்தப் போடு” என்றார் அப்பா.

“கண்ணு தொறக்கப் போகுதுப்பா. பாத்துட்டுப் போறேன்.”

“கண்ணு இன்னைக்குத் தொறக்காது. நாளைக்குத்தான்” என்று நான் அறிவித்தேன். கணக்கு எனக்குத் தெரியும்.

“அப்ப நாளைக்குப் போறேன்” என்றான்.

அப்பா அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா அண்ணனின் தோளில் கை வைத்தார். அவன் எழுந்திருக்கவில்லை. கூண்டின் கம்பியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டிருந்தான். ஸ்டேசன் பக்கமிருந்து கோச்சி ஊதும் சத்தம் வந்தது. அப்பா பையைக் கீழே வைத்தார். யாரும் அவனை ஏசவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நான் ஒரு நாள் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்றால் வீடு இரண்டாகிவிடும்.

திங்கள் விடியற்காலை அப்பா அவனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். நான் சொன்ன மாதிரியே அன்று மத்தியானம்தான் குஞ்சுகளின் கண் கீறலாகத் திறந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வகுப்பில் எழுந்து நின்று, என் குருவிகளைவிட்டுப் போக மனமில்லாமல் என் அண்ணன் கோச்சியை விட்டுவிட்டான் என்று சொன்னேன். ஆசிரியை உட்பட எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று யாரும் என்னை அண்ணனின் தங்கச்சி என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து பேச அவனுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. முதலில் அம்மா, பிறகு அப்பா. இருவரிடமும் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, “தங்கச்சிக்கிட்டக் குடுங்க” என்பான். மிச்ச நேரம் முழுக்க எனக்கு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிடைக்காத நேரம் எனக்குக் கிடைக்கிறது என்று நான் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

அவன் எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை. நான் குருவிகளைப் பற்றிய செய்திகளை வரிசையாக வைத்திருப்பேன். குஞ்சுகளின் அலகு இன்னும் கறுப்பு. நூல் சுற்றிய குஞ்சு நொண்டவில்லை. இன்றைக்குத்தான் முட்டியைவிட்டு வெளியே பறந்தது. அவனோ நடுவில் புகுந்து, கூண்டு இன்னும் ஜன்னல் பக்கந்தானா என்பான். ஆமாம் என்பேன். ஜன்னல் தொறந்திருக்கா? தொறந்துதான் இருக்கு. மழையா அங்க? லேசா.

“அம்மா மிஷின்லயா இருக்காங்க?”

“இல்ல, குசினியில. ரொட்டி சுடுறாங்க. அத விடு, ரெண்டாவது குஞ்சு இன்னைக்குத் தானா தினை கொத்திச்சு.”

“ரொட்டிக்கு என்னா சம்பல்?” என்றான்.

எவ்வளவு படித்து என்ன, குருவி விஷயத்தில் அண்ணனுக்குக் கவனம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். கோபப்படாமல், இரண்டாவது குஞ்சு தினை கொத்தியதை அவனுக்கு முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.