இராயப்பர் எழுந்துபோன பந்தி

முதல் சீடர்கள் ஒன்றாக இருந்து, உள்ளதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள் என்று கோயிலில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பிறகு நடந்ததைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பிரசங்கம் வைப்பதில்லை. அந்தியோக்கியாவில் யூதரல்லாத புறவினத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இராயப்பர், எருசலேமிலிருந்து தன் யூத ஆட்கள் சிலர் வந்ததும் பயந்துபோய் எழுந்து விலகினார். பேதுரு என்கிற அதே இராயப்பர்தான். அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

எண்பதுகளின் நடுவில், லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் மேல் அறையில் நானும் இன்னொருவரும் இருந்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். எனக்குக் காருக்குப் பெற்றோல் அடிக்கிற பெற்றோல் செட்டில் ஷிப்ட், அவருக்கு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை. சமையல் அவர்தான். இரண்டு வருடம் அவர் வைத்த கறியைத்தான் சாப்பிட்டேன். என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் என்ன சாதி என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றாகச் சாப்பிடுகிறேனே என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. வெட்கங்கெட்ட பெருமை.

மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில், சாமியார் ஒருநாள் அந்தச் சீடர்களின் கதையைச் சொல்லி, அடுத்த முறை ஆளுக்கொரு கறி கொண்டுவாருங்கள், மண்டபத்தில் ஒன்றாகச் சாப்பிடுவோம் என்றார். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவிக்கு அப்போதுதான் விசா கிடைத்திருந்தது.

"மனிசி வந்தா அவளுக்கும் கதைக்க நாலு சனம் வேணுமெல்லோ," என்றார்.

அதற்காகவே லீவு போட்டு, மீன் வாங்கி, பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தார். சட்டியைத் துவாயால் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

சாமியார் மேசையை ஆசீர்வதித்துவிட்டு இன்னொரு பங்குக் கோயிலுக்கு ஓடிவிட்டார். என் ஊர் மாமி ஒருவர் கறிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய தங்கை மகளை எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

"தம்பி, இது ஆர் கொண்டந்த சட்டி?"

"என்னோட இருக்கிற அண்ணை, மாமி."

"ஊரில அவையள் எவ்விடம்?"

இடத்தைக் கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள் என்று எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெற்றோல் செட் முதலாளியிடம் நாளுக்கு நாலு பொய் சொல்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் உண்மை பேசினேன். எந்தத் தெரு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஓம், ஓம்," என்றபடி மாமி அடுத்த சட்டிக்கு நகர்ந்தார். பத்து நிமிடத்தில் மண்டபம் முழுவதும் தெரிந்துவிட்டது. யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. எல்லோருக்கும் மீன் மட்டும் வேண்டாமாய்ப் போயிற்று.

அண்ணை கரண்டியோடு நின்றார். முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் இன்னும் மீன் போடேல்லையே?"

மாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு சரியில்லை அண்ணை."

என் தட்டில் சோறும் கோழிக்கறியும் குவிந்து கிடந்தன. அவர் தட்டைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், போய்ச் சட்டியை மூடினார்.

திரும்பும்போதும் சட்டி அவர் மடியில்தான் இருந்தது. அறைக்கு வந்ததும் குழம்பைச் சூடாக்கி, ஒரு தட்டில் சோறு போட்டு, மீனை வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இஞ்ச ஒருத்தரும் பாக்கேல்லைத் தம்பி. சாப்பிடும்."

சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை. மனைவி வருவதற்கு முன்பே லண்டனின் மறுகோடியில் குட்மேய்ஸ் பக்கம் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தப் பூசையிலும் நான் அவரைக் காணவில்லை. அந்த மாமியின் தங்கை மகளைத்தான் நான் கட்டினேன்.