வெள்ளிக்கிழமை வரை சொல்லக்கூடாத ஓட்டை

பிரவுசரில் யார் கண்ணிலும் படாத பாதுகாப்பு ஓட்டையைத் தேடிப் பிடிப்பது என் தொழில். பிடித்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய தொழில். ரகசியம் வயிற்றில் தங்காமல் அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாரலும் சம்பளமும்

குற்றாலத்தில் மாடி வீடு எடுத்து இது மூன்றாவது சீசன். சாரல் இறங்கினால் மலை காணாமல் போகும், கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்கு யோசனையே ஓடும். கீழ் வீட்டு ஜன்னத் அக்காதான் வீட்டுக்காரி, கணவர் துபாயில். துணி எடுக்க மாடிக்கு வந்தவர் ஒருநாள் என்னையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டி, சன்னலப் பாக்குததுக்கா ஒனக்குச் சம்பளம் தாராவ?"

மாட்டியது

அப்படி மலை காணாமல் போன ஒரு திங்கட்கிழமை அது மாட்டியது. மோசமான பக்கம் ஒன்றைத் திறந்தால் போதும், கேட்காமலே கேமரா விழித்துக்கொள்ளும். குதிக்காத குறைதான் எனக்கு. பிரவுசர் கம்பெனிக்கு எழுதினேன். "வெள்ளிக்கிழமை சரிசெய்து வெளியிடுகிறோம், அதுவரை மூச்சுவிடாதீர்கள்" என்று பதில் வந்தது. முன்பே கசிந்தால் திருடர்கள் முந்திக்கொள்வார்கள், நியாயம்தான்.

ஆனால் அக்கா தினமும் கணவர் முகம் பார்ப்பது அதே பிரவுசரில். லேப்டாப் படுக்கையறையில் திறந்தே கிடக்கும். என்னோடு வேலை பார்க்கும் சென்னை நண்பரிடம் புலம்பினேன். "எங்கம்மாவும் அதே பிரவுசர்தான். நான் சொல்லிட்டேனா?"

மூடச் சொன்னது

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் லேப்டாப்பத் திறக்காதீங்கக்கா, போன்ல பேசுங்க, ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன். அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவியளுக்கு என்னமோ ஆயிட்டு. மொகத்த நான் பாத்திரக் கூடாதுன்னு மறைக்குத, அப்படித்தான?"

திறந்தது

அங்கேயே துபாய்க்குப் போன் போட்டுக் கொடுத்தேன். கணவர் குரல் கேட்டபிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது, எனக்கும். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடி மூலையில் நிற்பார். சாரல் நனைத்த சுவரில் விரலால் ஏதோ வரைவார், தனக்குள் சிரிப்பார். மலை வந்ததும் போனதும் அவருக்குத் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை நானே லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அதைத் திறக்கவில்லை. "மொகத்தப் பாத்தா சாப்ட்டியா, தூங்குனியான்னு ரெண்டு வார்த்தைல வச்சிருவாவ. இந்த நாலு நாளுந்தான் மனசுவிட்டுப் பேசுனாவ. இன்னொரு ஓட்டை இருந்தாப் பாருட்டி."

ஓட்டையை அடைக்கத்தான் இத்தனை நாளும் சம்பளம் வாங்கினேன், ஓட்டை வேண்டுமென்று ஆர்டர் வந்தது இதுதான் முதல் தடவை.