எந்த பிளாக், என்ன டைப்?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவின் நிலத்தை நெய்வேலிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு அவருக்கு வேலை கொடுத்தார்கள். கையெழுத்துப் போடவே அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். நான் பி.காம். முடித்தவள். அதனால் இணையத்தில் முந்திரி விற்கலாம் என்று முடிவெடுத்தபோது வீட்டில் யாரையும் கேட்கவில்லை. விற்கப்போகிறேன் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

சித்தியின் ஊரிலிருந்து பருப்பு வரும். அம்மா மிளகு போட்டு வறுப்பாள். நான் பாக்கெட் போடுவேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இலவச விளம்பரத் தளம் ஒன்றில் எழுதிப் போட்டேன். பிளாக், தெரு, வீட்டு எண் என்று சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் குவார்ட்டர்ஸ் முகவரி முழுவதையும் போன் நம்பரோடு கொடுத்தேன். சித்தியின் ஊர்ப் பெயரைப் போட்டால் யார் நம்பி வாங்குவார்கள்? டவுன்ஷிப் முகவரி என்றால் ஒரு மரியாதை இருக்கும்.

குவார்ட்டர்ஸில் வியாபாரம் செய்யக்கூடாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு கேட்டில் 'பிளவுஸ் தைக்கப்படும்' என்று அட்டை தொங்கியது. நோட்டீஸ் வந்ததும் அட்டை போய்விட்டது. மெஷின் சத்தம் போகவில்லை. தெருவில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார்கள், இணையத்தை எந்த அதிகாரி பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன்.

முதல் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"முந்திரி விளம்பரம் குடுத்தது நீங்கதானே? எந்த பிளாக்குன்னு போட்டிருந்தீங்க?"

சொன்னேன்.

"என்ன டைப் குவார்ட்டர்ஸ்? உங்க அலாட்மென்ட்டா, உள்வாடகையா? அப்பா எந்த மைன்ஸ்? சர்வீஸ் இன்னும் எவ்ளோ இருக்கு?"

"ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டேன்.

அம்மா வாணலியை இறக்கிவிட்டு வந்தாள். "வெல கேட்டுச்சா?"

"இல்ல."

"எத்தினி கிலோன்னு கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"அப்ப அவ வாங்குறவ இல்லடி. வாங்குறவ மொதல்ல வெலயத்தான் கேப்பா. இவ கம்பெனி விஜிலென்ஸ், வேவு பாக்குறா."

ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னதும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அட்ரசு எழுதிப் போட்டியா? ஊரு ஒலகத்துக்கே தெரியறாப்பல? இதுக்கா படிக்க வச்சேன்?" அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் குவார்ட்டர்ஸைப் பிடுங்கினால் நாங்கள் போவதற்கு வேறு வீடில்லை. பழைய வீடு இருந்த இடம் சுரங்கப் பள்ளமாகிவிட்டிருந்தது. அன்று பாக்கெட்டுகள் எல்லாம் அரிசி டிரம்முக்குள் போயின. வறுத்த வாசனையை விரட்ட அம்மா ஜன்னல்களைத் திறந்தாள். தெருவுக்கு வாசனை போகும் என்று பயந்து உடனே மூடினாள்.

மறுநாள் அதே எண். எடுக்காவிட்டால் சந்தேகம் கூடும் என்று எடுத்தேன். அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள்.

"நீங்க எந்த ஆபீசுங்க?" என்றேன், குரலைக் கெட்டியாக்கிக்கொண்டு.

"ஆபீசா? நான் ஐதராபாத்துல புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கினு இருக்கேன். நானும் நெய்வேலிதாங்க. அப்பா ரிட்டயர் ஆனதும் காலி பண்ணிட்டோம்."

"அப்புறம் ஏன் டைப்பு, அலாட்மென்ட்டுன்னு கேட்டீங்க?"

"நெய்வேலி ஆளுகிட்ட வேற என்ன கேக்குறது?"

அது உண்மைதான். கல்லூரியில் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் நானே பெயருக்கு முன்னால் பிளாக்கையும், அப்பாவின் பதவியைச் சொல்லிவிடும் வீட்டு டைப்பையும்தான் கேட்டேன். அம்மா மட்டும் நம்பாமல் கையை ஆட்டினாள். விஜிலென்ஸ்காரிக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கும் அல்லவா?

"சரி, கிலோ என்ன வெல?" என்று குரல் கேட்டது. சொன்னேன். "அய்யய்யோ, எங்க ஊரு முந்திரிய எங்களுக்கே இந்த வெலைக்கா? இங்கயே கொறச்சுக் கெடைக்குமே. பார்சல் செலவ நீங்க போட்டுக்குங்க. ஒடஞ்ச பருப்பு ஒண்ணுகூட இருக்கக்கூடாது, ஆமா."

அம்மாவின் முகம் தெளிந்தது. "வாங்குறவதான்," என்றாள், போனில் கேட்கும்படியாகவே.

அப்பாவுக்கு அது போதவில்லை. ஐதராபாத்தில் இருப்பவள் படித்த முகவரியை இங்கே ஆபீசில் இருப்பவன் படிக்கமாட்டானா என்று கேட்டார். அவருடைய வார விடுமுறையன்று சைக்கிளில் என்னை பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனார். ஐதராபாத்துக்கு அனுப்பவேண்டிய பார்சலும் கையோடு இருந்தது. நான் குவார்ட்டர்ஸ் முகவரியை அழித்துவிட்டு, மனமே இல்லாமல் சித்தியின் ஊர் முகவரியை அடித்தேன்.

"இதுல நம்ம வூடு இப்ப இல்லயே?"

"இல்லப்பா."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேம்பா."

அவர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சென்டர்காரரிடம் திரும்பினார். "சார், நீங்க ஒருவாட்டி படிச்சுச் சொல்லுங்க. பொண்ணு சொல்றது நெசந்தானா?"

என் காது சுட்டது. பட்டம் வாங்கிய என் வார்த்தைக்கு, மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் அந்த மனிதரின் சாட்சி. சென்டர்காரர் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். சித்தியின் ஊர்ப் பெயர் வந்ததும் அப்பா தலையாட்டினார். பக்கத்தை மூடுவதற்குள் இன்னொரு தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் தபால் ஆபீசுக்குப் போக சைக்கிளில் ஏறச் சொன்னார். நான் பார்சலை மட்டும் கேரியரில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்தேன்.