தட்டிலேயே இருந்த நான்கு கடிதங்கள்

பல்செட் செய்கிறவருக்கு மிச்சமிருந்தது ஒரே அக்கா. ஐந்து பிள்ளைகளில் அவள் மூத்தவள், இவர் கடைசி. நடுவில் மூன்று பேரும் போய்விட்டார்கள். அக்கா கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டவள். காது மந்தம். போன் சரிப்படாது என்று எல்லாம் மின்னஞ்சலில்தான்.

அத்தான் இறந்த பிறகு அக்கா எழுதினாள்: உன்னோடு வந்து இருக்கட்டுமா, இங்கேயே முதியோர் இல்லத்தில் சேரட்டுமா, சனிக்கிழமைக்குள் சொல்.

அன்றே பதில் எழுதினார். அதற்கு முந்தின வாரம்தான் மின்னஞ்சல் கம்பெனியை மாற்றியிருந்தார், முகவரி மட்டும் பழையதே. புதுக் கம்பெனி கொடுத்த தாளைப் பார்த்து, வருகிற தபாலுக்கான சர்வரை மாற்றினார். போகிற தபாலுக்குப் பழைய கம்பெனியின் சர்வரே இருந்தது, அதைத் தொடவில்லை. நன்றாக உட்கார்ந்திருக்கிற பல்லில் அவர் அரம் வைக்கமாட்டார். இங்கேயும் அதே கை.

கடிதம் அவுட்பாக்ஸில் போய் நின்றது. பட்டறை வாசலில் ஒரு தட்டு உண்டு. முடிந்த செட்டை அதில் வைத்தால் கிளினிக் ஆள் எடுத்துப்போவார், இவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவுட்பாக்ஸும் அப்படித்தான் என்றிருந்துவிட்டார். சிவப்பாக ஏதோ அறிவிப்பு வந்தது. விளம்பரம் என்று மூடினார்.

அக்காவின் கடிதங்கள் மட்டும் வந்தபடி இருந்தன. ஏன் பதில் இல்லை? உன் பெண்டாட்டிக்குப் பிடிக்கவில்லையா? இவர் பதறிப்போய் மறுபடி மறுபடி எழுதினார். மொத்தம் நான்கு.

சனிக்கிழமை மனைவி எட்டிப் பார்த்து, நாலும் அங்கேயே கிடப்பதைக் கண்டுபிடித்தாள்.

"ஊர் வாய்க்கெல்லாம் பல்லு கட்டுறீங்க. நம்ம வாயி அடைச்சுக் கிடக்கிறது தெரியலையே."

பல் அச்சு மாவு காயாத விரலோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சர்வர் பெயரை மாற்றினார். போர்ட் எண் தப்பு என்றது. எண்ணைத் திருத்தினார். பாஸ்வேர்டு கேட்டது, போட்டால் திரும்பவும் கேட்டது. உதவிக்குப் போன் செய்தால், வரிசையில் பதினோராவது ஆள் என்றார்கள்.

இதற்குள் அக்காவின் கடிதம் வந்துவிட்டது. இல்லத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்மேல் வருத்தமில்லை, பேசாமலிருந்ததிலேயே புரிந்துகொண்டேன். கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டேன், இனி இதில் எழுதாதே. இல்லத்தின் பெயரை அவள் எழுதவில்லை.

"போனையாவது போட்டுப் பாருங்க," என்றாள் மனைவி. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம், போகிற தபாலின் சர்வரிலும் பாஸ்வேர்டு தேவை என்ற கட்டத்தில் டிக் வைத்ததும் வழி திறந்தது. நிறுத்தத் தெரியவில்லை. நான்கும் எழுதிய வரிசையிலேயே, அவர் கண்ணெதிரில் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் போனதில் ஒரே வரி:

"கட்டிலை ஜன்னல் பக்கம் போடட்டுமாக்கா?"