ஸ்கிரிப்ட்டை அடைத்த பிறகு

என் தங்கை நீர்கொழும்பில் இருப்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். புருஷனின் அடி தாங்காமல் ராகலையிலிருந்து போனவள். அவன் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தால் என்ன செய்வான் என்பதையும் என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகம் பேசாதவள் நான். அதனால் ரகசியம் என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், சீனி கேட்பது போலத்தான் ஃபோனையும் கேட்பார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி மகளின் பரீட்சை முடிவு பார்க்க என் ஃபோனை வாங்கினாள். பக்கத்தின் ஓரமெல்லாம் நீர்கொழும்பில் வாடகை அறை என்று விளம்பரம்.

"என்னக்கா, நீர்கொழும்புக்குக் குடி போறீங்களா? அங்கத்து மீன்காரன் எவனையாச்சும் புடிச்சிட்டீங்களா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தங்கை இருக்கும் ஊரை ஒரு தடவை வரைபடத்தில் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்றே தங்கைக்குச் சொன்னேன். அவளோடு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் தெரியுமாம். அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டுத் தங்கை சொல்ல, நான் பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்தேன். லொகேஷனை நிறுத்தினேன். குக்கீஸை நிறுத்தினேன்.

"ஜாவாஸ்கிரிப்ட்டுன்னு ஒண்ணு இருக்கும் பாரு. அதத்தான் முக்கியமா அடைக்கணுமாம். பக்கத்தத் தொறந்தா அதுதான் உள்ளுக்கு ஓடிக்கிட்டு நம்மள வேவு பாக்குதாம்."

"அடைச்சா ஃபோன் கெட்டுப் போயிராதாடி?"

"கெட்டா கெடட்டும். அவன் கையில நான் மாட்டுறதுக்கு அது பரவாயில்ல."

தேடும் பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம். மற்றவற்றில் பாதி, திறந்தால் வெறும் வெள்ளையாக நின்றன. "ஒங்க ஃபோனுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சுக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி திருப்பிக் கொடுத்தாள். விளம்பரமும் நின்றது. வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் முறித்த கை தங்கைக்கு மறுபடியும் வலிக்கத் தொடங்கியது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். எப்படிப்பட்ட ஆஸ்பத்திரியோ என்று அதன் பெயரைப் போட்டுத் தேடி, எலும்பு டாக்டர் வரும் நாட்கள் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

மறுநாள் பகல் அவன் மடுவத்துக்கு வந்தான். தாய்மார் பால் கொடுக்க வரும் நேரம். குழந்தைகளுக்கென்று பிஸ்கட் வாங்கி வந்திருந்தான். வாசலில் நின்று மெதுவாகத்தான் பேசினான்.

"தங்கச்சிக்குக் கை இன்னும் நோவுதாக்கா?"

என் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதை இறுக்கிக்கொண்டேன்.

"எலும்பு டொக்டர் நாளைக்குத்தான் வர்றாராம். நீங்க தொறந்த பக்கத்துலயே போட்டிருக்கே."

"நான்தான் எல்லாத்தையும் அடைச்சிட்டேனே." வாய் தவறி வந்துவிட்டது.

அவன் சிரித்தான். "நம்ம டவுன் கடையில தொறந்த ஃபோன் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் தானேக்கா. ஒங்களுது வேறயா?"

வேறு இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் புது ஃபோனைத் தாங்களே திறப்பதில்லை. வாங்கிய கடையிலேயே மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, ஒரே கடவுச்சொல்லைப் போட்டுத் தருவார்கள். மறந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று அதை வசதியாகத்தான் நினைத்திருந்தோம். நான் ஸ்கிரிப்ட்டை அடைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த நாளெல்லாம், அவன் என் கணக்குக்குள் இருந்து நான் திறந்த பக்கங்களைப் பார்த்திருக்கிறான். ஊர் தெரிந்தும், அவள் எங்கே, எப்போது கிடைப்பாள் என்பதற்குத்தான் காத்திருந்திருக்கிறான்.

"நானுஓயாவுல ரயிலப் புடிக்கணும், வர்றேன்க்கா" என்று படியிறங்கினான்.

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய ஃபோனைக் கேட்டு வாங்கினேன். அதுவும் அதே கடையில் வாங்கியதுதான். வேறு வழியில்லை. தங்கையைக் கூப்பிட்டு, அவன் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரப்போவதைச் சொன்னேன். அவள் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது.

"எங்கடி போவ?"

"சொல்ல மாட்டேன்க்கா. நீயும் கேக்காத."

அதற்குப் பிறகு அவளுடைய நம்பர் வேலை செய்யவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஆனாலும் எந்த ஊர்ப் பெயரையும் தேடவில்லை.

போன வாரம் அவன் மறுபடியும் வந்தான். எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். அது உண்மை. அவன் நம்பவில்லை. மடுவத்துப் படியில் உட்கார்ந்துகொண்டான்.